விட மனசு வரலை

"ரோட்டைத் தாண்டியாச்சு. கையை விடுங்க."

"விட மனசு வரலையே."

"ஐயோ, பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"வழுக்கி விழ இருந்த பொண்ணை ஒருத்தன் பிடிச்சு நிறுத்தினான்னு நினைப்பாங்க. மருந்துக் கடை முக்கு வரைக்கும்தானே, வாங்க."

எங்கள் கல்யாணத்துக்கு அஸ்திவாரம் இந்தப் பேச்சுதான்.

அன்று சாயங்காலம் கொட்டித் தீர்த்த மழையில் என் ஆபீஸ் வாசலில் முழங்கால் அளவு தண்ணீர். எதிர்ச் சாரியில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் அவர் வேலை பார்த்தார். எனக்குக் கண்ணாடி அளவெடுத்துப் பொருத்திக் கொடுத்தவர், அந்த அளவில்தான் பழக்கம். நான் இறங்கத் தயங்கி நிற்பதைப் பார்த்து, பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். பாதி வழியில் என் கால் ஒரு பள்ளத்தில் இறங்கியது. சட்டென்று என் கையைப் பற்றினார். அது சாதாரணப் பிடி இல்லை, இரும்புப் பிடி. மேட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. விரல்கள் வலித்தன, நான் சொல்லவில்லை. என் கையை விட ஒருவருக்கு மனசு வரவில்லை என்பதைக் கேட்டபின் வலியைப் பற்றி யார் பேசுவார்கள்?

இந்தக் கதையை நான் சொல்லாத ஆள் இல்லை. "ஆரம்பிச்சுட்டா கைப்பிடிக் கதையை," என்று அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். எங்கள் மகள் பிறந்தபோது என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "அப்படியே அப்பா!" என்று பெருமையோடு சொன்னவள் நான்தான். அதிலிருந்து அவளுக்கு வீட்டில் சுண்டு என்றே பேர்.

அவருக்குக் கடையில் நிதானம் என்று பட்டப்பெயர். கூப்பிட்டவுடன் எழுந்து வரமாட்டார். உட்கார்ந்த இடத்திலேயே காலை இப்படியும் அப்படியும் அசைத்து, மெதுவாக எழுந்து, முதல் சில அடிகளை ஊர்வலம் போகிறவர் போல வைப்பார். பஸ்ஸில் நாங்கள் இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு வெகு முன்னாலேயே எழுந்து நின்றுவிடுவார். மாடிப்படிக்குக் கீழே நின்று ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டுவார். காலையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு கையையும் மாவு பிசைவது போலப் பிசைவார். "எங்க பரம்பரைக்கே அவசரம் ஆகாதும்மா," என்பார். எனக்கு அது கம்பீரமாகத் தெரிந்தது. நாளெல்லாம் பதறுகிறவர்களோடு பேசிவிட்டு வருகிற எனக்கு, பதறாத ஒரு மனிதர் வீட்டில் இருப்பது தெய்வம் தந்த வரம் என்று நினைத்தேன்.

என் வேலை அப்படி. லிஃப்ட் கம்பெனியில் அவசர அழைப்புகளை எடுக்கிறவள். எந்தக் கட்டிடத்திலாவது லிஃப்ட் நடுவில் நின்று, உள்ளே இருப்பவர் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் என் காதில் மணி அடிக்கும். "பயப்படாதீங்க. மாட்டிக்கிட்டேன்னு சொல்லிட்டீங்க இல்ல? பாதி வேலை முடிஞ்சுது. ஆள் கிளம்பியாச்சு," என்பேன். அழுகிறவர்களைச் சமாளிக்கலாம், திட்டுகிறவர்களையும் சமாளிக்கலாம். பொத்தானையே அழுத்தாதவர்களைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு பெரிய அதிகாரி, கூச்சப்பட்டுக்கொண்டு மத்தியானம் முழுக்க உள்ளேயே நின்றிருந்தார். எங்கள் ஆள் தற்செயலாகப் போய்க் கதவை நெம்பித் திறந்தபோது, "ஒண்ணுமில்லப்பா, யோசிச்சுட்டிருந்தேன்," என்றாராம்.

இதைச் சொல்லி நான் விழுந்து விழுந்து சிரித்த அன்று அவரும் சிரித்தார். கொஞ்சம் தாமதமாக.

சுண்டு இரண்டாம் வகுப்புக்குப் போன பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். விளையாட்டு மாஸ்டர் கழுத்தில் விசிலோடு நின்றார்.

"உங்க பொண்ணு நடிக்கிறாம்மா."

"என்ன சார் சொல்றீங்க?"

"விசில் அடிச்சா எல்லாப் பிள்ளைங்களும் ஓடுது. இவ கம்பம் மாதிரி நிக்கறா. அப்புறம் வெட்டின மரமா தொப்புனு விழறா. சரி, உடம்பு சரியில்லைன்னு உக்கார வெச்சா, கொஞ்ச நேரத்துல எல்லாரையும் முந்திட்டு ஓடறா. முதல்ல முடியாதாம், அப்புறம் முடியுமாம். அது எந்த ஊரு நோய்? நீங்களே சொல்லுங்க."

நடிப்புக்குத் தண்டனையாக அவளைப் பல நாள் மைதானத்து ஓரத்தில் நிற்க வைத்திருக்கிறார்கள். வீட்டில் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவரிடம் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "விடு. எங்க வீட்டு நடை அது. எங்கப்பாவும் இப்படித்தான், சூடு பிடிக்கக் கொஞ்சம் நேரமாகும்."

"முட்டி ரெண்டும் பெயர்ந்து கிடக்குதுங்க!"

"வளர வளரச் சரியாயிடும்."

டாக்டரிடம் போகலாம் என்றால் இன்று கடையில் சரக்கு வருகிறது என்பார், நாளை முதலாளி ஊரில் இல்லை என்பார். கடைசியில் நானே நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கி, கிளம்புங்கள் என்று முன்னால் நின்றேன்.

டாக்டரம்மாவின் அறையில் பெப்பர்மின்ட் வாசனை. மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பைப் படுக்க வைத்திருந்தார். "வா ராசாத்தி, கை குடு," என்று சுண்டுவைக் கூப்பிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் அது தெரிந்தது: சுண்டு தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்து, மூடி, திறந்து, மூடி, திறந்து, பிறகுதான் நீட்டினாள். கூச்சம் என்று நினைத்தேன். டாக்டரம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அசைகிற அந்த வலது தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

குலுக்கி முடித்ததும் சட்டென்று மேஜைக்கு இந்தப் பக்கம் கையை நீட்டினார். "நீங்கதான் அப்பாவா?"

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. மடியில் சும்மா கிடந்த கையை எடுத்துக் குலுக்கினார். டாக்டரம்மா தன் கையைத் திரும்ப இழுத்தார். அது வரவில்லை.

அவர் புன்னகை செய்தார். உதட்டின் ஒரு பக்கம் மட்டும் ஏறும் அந்தப் புன்னகை. "உங்க கையை விட மனசு வரலையே டாக்டர்."

அதே குரல். 'மனசு' என்பதைக் கொஞ்சம் இழுத்துச் சொல்லும் அதே இழுப்பு. மழைத் தண்ணீரும் மருந்துக் கடை விளக்கும் என் கண் முன்னால் ஒரு கணம் வந்து, அணைந்தன.

"மனசு வரலையா, முடியலையா?" என்றார் டாக்டரம்மா.

பசையில் ஒட்டியதைப் பிரிப்பது போல அவர் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. அதை இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பார்த்தேன்.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. டாக்டரம்மா சின்ன ரப்பர் சுத்தியலால் சுண்டுவின் கட்டைவிரல் அடிச்சதையில் ஒரு தட்டுத் தட்டினார். விரல் உள்ளே மடங்கியது, மடங்கியபடியே நின்றது, யோசித்து யோசித்து நிமிர்ந்தது. "பாரு, உன்னைக் கேக்காமலே கும்பிடு போடுது," என்றதும் சுண்டு சிரித்தாள். "குழந்தைக்கு ஊசி வேண்டாம். ரெண்டு பேருக்கும் ஒரே விஷயம்தான். நீங்க படுங்க சார்."

அவர் படுத்தார். கட்டிலில் விரித்திருந்த காகிதம் சரசரத்தது. மெல்லிய ஊசி ஒன்றை முன்கைச் சதையில் செருகினார்கள். அதன் கம்பி ஒரு பெட்டிக்குப் போனது, பெட்டியில் ஒலிபெருக்கி இருந்தது. டாக்டரம்மா ஊசியைச் சுண்டினார். தூரத்தில் ஒரு மோட்டார் பைக் கிளம்பி, உறுமிக்கொண்டு கிட்டே வந்து, அப்படியே தேய்ந்து போகிற சத்தம். மறுபடி சுண்டினார், மறுபடி பைக்.

"அம்மா, அப்பா கைக்குள்ள பைக் ஓடுது!" சுண்டு கை தட்டினாள்.

"இப்ப அவர் கையை அசைக்கலை," டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். "மூளை ஒண்ணும் சொல்லலை. நரம்பும் சும்மா இருக்கு. சதை மட்டும் தனக்குத்தானே பேசிட்டிருக்கு."

ஒரு காகிதத்தை இழுத்து வரைந்து காட்டினார். "மூளையிலேருந்து 'பிடி'ன்னு ஒரு கட்டளை கிளம்புது. அது சின்ன மின்சாரம். முதுகுத்தண்டு வழியா இறங்கி, நரம்புல ஓடி, சதை வரைக்கும் வரும். ஆனா நரம்போட நுனி சதையைத் தொடறதில்லை. நடுவுல மயிரிழையை விடச் சின்ன இடைவெளி. அங்க துளி ரசாயனம் தாண்டிக் குதிச்சு, சேதியைச் சதைகிட்ட ஒப்படைக்கும். உடனே சதை முழுக்க மின்சாரம் பரவி, சதை இறுகும். இது வரைக்கும் இவங்க ரெண்டு பேருக்கும் பிரமாதமா நடக்குது."

"அப்புறம் 'விடு'ன்னு கட்டளை வராதா?"

"அங்கதான் விஷயமே. சதைக்கு 'விடு'ன்னு ஒரு கட்டளை கிடையாது. 'பிடி'ங்கறதை நரம்பு நிறுத்திக்கும், அவ்வளவுதான். அடங்கறது சதையோட வேலை. சதையோட மேல்தோல்ல கண்ணுக்குத் தெரியாத கதவுங்க இருக்கு. உப்புல ஒரு பாகம் அது வழியா உள்ள போய், போதும், அடங்குன்னு சமாதானம் பண்ணும். இவங்களுக்கு அந்தக் கதவு சரியாத் திறக்காது. ஒரே ஒரு தடவை வந்த 'பிடி'யைச் சதை தானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கும். கொஞ்ச நேரத்துல ஓய்ஞ்சு விட்டுடும். அசைச்சுக்கிட்டே இருந்தா சுலபமாயிடும். அதனாலதான் உங்க பொண்ணு முதல்ல விழறா, அப்புறம் முந்தி ஓடறா. நடிப்பு இல்லை."

"கதவு மாட்டிக்குது," என்றேன். எனக்கு அது புரியாதா?

"பரம்பரையா வரது. உயிருக்கு ஆபத்தில்லை, தேவைப்பட்டா மாத்திரையும் இருக்கு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. ஆபரேஷன்னு வந்தா, மயக்க மருந்து குடுக்கறவர்கிட்ட முன்கூட்டியே கட்டாயம் சொல்லணும். சில மருந்து பட்டா உடம்பே இறுகிப் போய் மூச்சுக்குத் திண்டாடிடும்."

போன வருஷம் சுண்டுவுக்குத் தொண்டையில் டான்சில் ஆபரேஷன். மயக்க மருந்து டாக்டர் எங்கள் இருவரையும் நிற்க வைத்துக் கேட்டார்: வீட்டில் யாருக்காவது நரம்பு, சதைக் கோளாறு உண்டா? இவர்தான் முந்திக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்லை டாக்டர், கல்லு மாதிரி குடும்பம்," என்றார். எல்லோரும் சிரித்தோம். தள்ளுகட்டிலில் படுத்தபடி சுண்டுவும் சிரித்தாள்.

"உங்களுக்கு எப்போலேருந்து தெரியும் சார்?" டாக்டரம்மா கேட்டார்.

"காலேஜ் படிக்கும்போது... ஒரு டாக்டர் பேர் சொன்னார்."

"வீட்டுல சொன்னீங்களா?"

அவர் கட்டில் காகிதத்தின் மடிப்பை விரலால் தேய்த்தார்.

"எனக்குத் தெரியுமே!" என்றாள் சுண்டு. கேட்ட கேள்விக்கு முதலில் கை தூக்கிய சந்தோஷம் அவள் குரலில். "அப்பாதான் சொல்லிக் குடுத்தாங்க. யாராவது கை குடுக்க வந்தா முன்னாடியே கையைப் பின்னால வெச்சுப் பிசையணும். படிக்குக் கீழ நின்னா ஷூவைக் கட்டணும். மாட்டிக்கிட்டா சிரிக்கணும். அம்மாகிட்ட மட்டும் சொல்லக் கூடாது."

அம்மாவிடம் மட்டும். ஊரில் எந்த லிஃப்டில் யார் மாட்டிக்கொண்டாலும் முதலில் கூப்பிடுவது என்னை. என் வீட்டில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் ரகசியம் பேசிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து, சுண்டு குளிக்கப் போன பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"அந்த மழை நாள்லயும் இதுதானா?"

அவர் ஜன்னல் பக்கம் நின்றார்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"கை மாட்டிக்கிச்சு. நீ விடுங்கன்னு சொன்னே. என்ன சொல்றதுன்னு தெரியலை. அந்த வார்த்தையை எப்பவும் கைவசம் வெச்சிருப்பேன்."

"கைவசம்! யார் யார்கிட்டே சொல்லியிருக்கீங்க?"

"கடைக்கு வர்றவங்ககிட்ட... வீட்டு ஓனர்கிட்ட... உங்க அக்கா வீட்டுக்காரர்கிட்ட ஒரு தடவை..."

"மாமாகிட்டயுமா? அந்த மனுஷன் அதைக் கேட்ட நாள்லேருந்து உங்களை உயிர்த் தோழன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறார்!"

வேறு நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்போம். அவர் உதட்டின் ஒரு பக்கம் ஏறப் பார்த்தது. என் முகத்தைப் பார்த்து இறங்கிவிட்டது.

"பயமா இருந்துதும்மா. நீ போயிடுவியோன்னு. அப்புறம் நாளாக நாளாக, இத்தனை நாள் ஏன் சொல்லலைன்னு கேப்பியேன்னு இன்னும் பயம்."

"என்னை ஏமாத்தினீங்க, போகட்டும். சுண்டுவை மயக்க மருந்துக்கு அனுப்பினீங்களே?"

"அதுல ஆபத்து உண்டுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"அந்த டாக்டர்தான் கேட்டாரே! வாயைத் திறந்து கேட்டாரே! கைதான் உங்க பேச்சைக் கேக்க மாட்டேங்குது, ஒப்புக்கறேன். வாய் விட்டுச் சொல்றதுக்கு என்ன கேடு?"

இரண்டு பையில் துணியை அடைத்துக்கொண்டு, சுண்டுவை அழைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா முழுக்கக் கேட்டாள். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே பெருமூச்சு விட்டாள். "எங்க வீட்டுக்காரர் இத்தனை வருஷத்துல என் கையைப் பிடிச்சு ரோட்டைத் தாண்டினதே இல்லைடி. உனக்கு வியாதியாலயாவது கிடைச்சுது."

"விளையாடாதே அக்கா."

"விளையாடலை. உனக்கு எது எரியுது? நோயா, பொய்யா?"

"நோயில்லை."

இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று இருந்தது, அதை அக்காவிடம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்த ரோட்டை மனசுக்குள் திரும்பத் திரும்ப நடந்து பார்த்தேன். சதை கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். அப்படியானால் வழியில் இருந்த விளக்குக் கம்பத்துக்கு வருவதற்குள் அவர் விரல்கள் தளர்ந்திருக்க வேண்டும். மருந்துக் கடை அதற்கும் அப்பால். மீதித் தூரம் என்னைப் பிடித்திருந்தது யார்? அவரா, சதையா? போய்க் கேட்கலாம். கேட்டால் அழகாக ஒரு பதில் சொல்வார். அதை நான் எப்படி நம்புவது? எங்கள் வாழ்க்கையில் எது சதை, எது அவர் என்று பிரித்தெடுக்க முடியாதபடி செய்துவிட்டார். அதுதான் என் ஆத்திரம்.

அவர் தினமும் சாயங்காலம் வந்தார். சுண்டுவின் தண்ணீர் பாட்டில், கலர் பென்சில் பெட்டி, மறந்த சாக்ஸ் என்று ஏதாவது ஒன்றைக் கொண்டுவருவார். மாமா ஓடிப்போய்க் கட்டிக்கொள்வார். நான் உள்ளேயே இருப்பேன்.

ஒரு மாலை வேலையிலிருந்து திரும்பியபோது அக்கா வீட்டு மாடிப்படியின் நடுவில் சுண்டு குனிந்து நின்றாள். மேலே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு கையால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி, படியில் எதையோ தேடுகிறவள் போல விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"என்னடா தேடறே?"

நிமிர்ந்தாள். உதட்டின் ஒரு பக்கம் ஏறியது. "ஒண்ணுமில்லைம்மா. யோசிச்சுட்டிருந்தேன்."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று அவர் வந்தபோது நானே கதவைத் திறந்தேன்.

"நாளைக்கு நீங்க பள்ளிக்கூடத்துக்கு வரணும். மாஸ்டர்கிட்ட சொல்லணும்."

அவர் முகம் வெளிறியது. "டாக்டர்கிட்ட ஒரு சீட்டு வாங்கி அனுப்பிடலாமே. நீதான் நல்லாப் பேசுவே."

"சீட்டை மாஸ்டர் படிப்பார். சுண்டு எதைப் படிப்பா? அவ உங்களைத்தான் படிச்சுட்டிருக்கா. அடுத்த தடவை எந்த டாக்டராவது என்னடா உனக்குன்னு கேட்டா, அவளும் கல்லு மாதிரி இருக்கேன்னு சொல்லிச் சிரிப்பா. அவ எதிர்ல, உங்க வாயால சொல்லுங்க. அதுவரைக்கும் நாங்க இங்கதான்."

"சொல்லிட்டா வந்துடுவியா?"

"பேரம் பேசாதீங்க. எனக்கே தெரியாது."

"யோசிக்கிறேன்," என்றார்.

கதவைச் சாத்தினேன்.

மறுநாள் காலை மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு புதிதாகப் போட்டிருந்தது. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். சுண்டு கடைசியில், முதுகுக்குப் பின்னால் கையை மூடித் திறந்துகொண்டு, கால் விரல்களை ஷூவுக்குள் நெளித்துக்கொண்டு நின்றாள். நான் வேலி ஓரம் நின்றேன். எங்கும் முன்கூட்டியே போய் நிற்கிற மனிதர், அன்று வரவில்லை. வரமாட்டார் என்று முடிவு செய்து திரும்பினேன். கேட்டுக்குள் அவர் நுழைந்துகொண்டிருந்தார்.

நேராக வந்தார். எங்கும் நின்று ஷூவைக் கட்டவில்லை. கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கின. பிசையவில்லை, பைக்குள் ஒளிக்கவில்லை. என்னைத் தாண்டும்போது என் பக்கம் பார்க்கவும் இல்லை. சுண்டு அப்பாவைக் கண்டதும் வரிசையை விட்டு மெல்ல மாஸ்டர் பக்கம் நகர்ந்தாள். நானும் போனேன்.

"வாங்க சார், உங்களைத்தான் பார்க்கணும்னு இருந்தேன்," என்று மாஸ்டர் கையை நீட்டினார்.

அவர் கொடுத்தார். அழுத்தி, நன்றாக, ஒரே பிடியாக. மாஸ்டர் குலுக்கினார், இழுத்தார், சிரித்தார்.

"என்ன சார், பிடிச்சா விட மாட்டீங்க போலிருக்கே?"

அடுத்து வரப்போகிற வார்த்தை எனக்கு மனப்பாடம். சுண்டுவுக்கும் மனப்பாடம். அவள் அப்பாவின் வாயையே பார்த்தாள். அவள் உதட்டின் ஒரு பக்கம் முன்கூட்டியே ஏறத் தொடங்கியிருந்தது.

"விட மனசு..." என்றார்.

நிறுத்தினார். வரிசையில் இருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கழுத்து நரம்பு புடைத்தது, காது சிவந்தது. மாஸ்டரின் கை அவர் கைக்குள் அசையாமல் இருந்தது.

"இல்லை சார். என்னால விட முடியலை. எம் பொண்ணுக்கு இருக்கறதும் இதேதான். அவ நடிக்கலை. நான்தான் இத்தனை நாளா நடிச்சேன்."

மாஸ்டர் சிரிப்பதை நிறுத்தினார். சுண்டுவின் கை அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து மெல்ல முன்னால் வந்தது.

அவர் என் பக்கம் திரும்பினார். ஒரு பக்கம் ஏறும் அந்தப் புன்னகை முகத்தில் இல்லை. அது இல்லாமல் அவர் முகம் எனக்குப் புதிதாக இருந்தது.

"மாட்டிக்கிட்டேம்மா," என்றார். "கொஞ்சம் வந்து என் விரலைப் பிரிச்சு விடேன்."